ஸ்லெட் இழுப்புப் போட்டிக்கு டூ-வீல் டிரைவ் டீசல் பிக்கப்: எடை எங்கே நிற்க வேண்டும்?

ஓஹையோ, இண்டியானா, இல்லினாய் போன்ற அமெரிக்க மாநிலங்களில் கோடை வந்துவிட்டால் ஊர்ச் சந்தைத் திடல்களில் ஸ்லெட் இழுப்புப் போட்டிகள் களைகட்டும். தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கிய களிமண் தடம். நீளம் பெரும்பாலும் 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர். வண்டியின் பின்னால் சங்கிலியில் ஓர் இரும்பு ஸ்லெட்டைக் கோத்துவிடுவார்கள். அதை அதிக தூரம் இழுத்துப் போனவருக்கு வெற்றி. தடத்தின் கடைசிவரை போய்விட்டால் அது ‘ஃபுல் புல்’. ஒருவருக்கு மேல் ஃபுல் புல் எடுத்துவிட்டால் ஸ்லெட்டை இன்னும் கடினமாக்கி, அவர்களுக்குள் மட்டும் இன்னொரு சுற்று நடக்கும்.

டிராக்டரில் தொடங்கிய போட்டி இது. ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகளைச் சீராக்குவதற்காக 1969இல் நேஷனல் டிராக்டர் புல்லர்ஸ் அசோசியேஷன் உருவானது. இன்று டீசல் பிக்கப்களுக்கும் தனித்தனி வகுப்புகள் உண்டு. ஆனால் அவற்றில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை நான்கு சக்கரமும் இழுப்பவை. அதனால் இந்தத் துறையில் காதில் விழும் அறிவுரைகளும் நான்கு சக்கர இழுவைக்கு உரியவைதான். பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டிக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால், எந்தப் பாகத்துக்குப் பணம் செலவிட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும்.

ஸ்லெட் என்ன செய்கிறது

ஸ்லெட்டின் பின்பகுதி சக்கரங்களின் மேல் நிற்கிறது. முன்பகுதியில் ஒரு பெரிய தட்டு தரையைத் தொட்டபடி இருக்கும். நடுவே தண்டவாளம் போன்ற சட்டத்தில் ஓர் எடைப் பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பதால் ஸ்லெட் எளிதாக உருளும். ஸ்லெட்டின் சக்கரங்கள் சுழலச் சுழல, அவற்றோடு பிணைத்த சங்கிலி பெட்டியை முன்னோக்கி இழுத்துக்கொண்டே போகும். சக்கரத்தின் மேல் இருந்த எடை கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உரசும் தட்டின் மேல் வந்து உட்காரும். உராய்வு ஒவ்வோர் அடிக்கும் கூடும். முதல் 100 அடியில் வண்டி பறப்பதுபோல் தெரிவதும், 200 அடி தாண்டியதும் திணறுவதும் இதனால்தான்.

ஆகவே இழுவை ஓட்டம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சங்கிலியில் விழும் விசை ஏறிக்கொண்டே போய், டயர் மண்ணைப் பிடிக்கக்கூடிய உச்சத்தைத் தொடும் இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அந்த உச்சத்தை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதுதான் மொத்தக் கேள்வி.

பின் அச்சில் எவ்வளவு எடை?

டயர் தரக்கூடிய இழுவை இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: மண்ணோடு அதற்குள்ள பிடிமானம், அந்த டயரின் மேல் நிற்கும் எடை. நான்கு சக்கர இழுவையில் வண்டியின் முழு எடையும் பயன்படும். டூ-வீல் டிரைவில் முன்சக்கரங்களின் மேல் நிற்கும் ஒவ்வொரு பவுண்டும் வெறும் சுமை. அதையும் சேர்த்துத்தான் எடை வரம்பு கணக்காகும். இழுவைக்கோ அது உதவாது.

இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. சங்கிலி கோக்கும் ஹிட்ச் தரையிலிருந்து சற்று உயரத்தில் இருக்கிறது. சங்கிலி பின்னோக்கி இழுக்கும்போது, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தை மையமாகக் கொண்டு வண்டியின் மூக்கு மேலே எழப் பார்க்கும். முன் அச்சிலிருந்து எழும் அந்த எடை பின் அச்சுக்கு வந்துசேரும். எவ்வளவு வரும் என்பதற்குச் சுலபமான கணக்கு: இழுவிசையை ஹிட்ச் உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தால்) வகுத்தால் போதும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். 6,000 பவுண்டு எடையுள்ள டூ-வீல் டிரைவ் டீசல் பிக்கப். முன்னால் 3,500, பின்னால் 2,500. வீல்பேஸ் 140 அங்குலம், ஹிட்ச் உயரம் 26 அங்குலம். வகுப்பின் எடை வரம்பு 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,630 கிலோ. ஆக 2,000 பவுண்டு எடைக்கட்டி ஏற்றலாம். டயரின் பிடிமானம் 0.8 (அதாவது மேலே நிற்கும் எடையில் 0.8 பங்கு இழுவை) என்றும், சங்கிலி கிடையாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

நான்கு சக்கர வண்டிக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, அந்த 2,000 பவுண்டையும் முன் அச்சுக்கு 40 அங்குலம் முன்னால் தொங்கவிட்டால் என்ன ஆகும்? நெம்புகோல் விதிப்படி முன் அச்சில் 2,571 பவுண்டு கூடும். பின் அச்சிலிருந்து 571 குறையும். பின்னால் மிச்சம் 1,929. இழுக்கும்போது மாறிவரும் எடையையும் சேர்த்தால் இந்த வண்டியால் தர முடிந்த அதிகபட்ச இழுவை ஏறக்குறைய 1,810 பவுண்டு.

அதே எடையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் 4,230 பவுண்டு. பின் அச்சுக்கு 20 அங்குலம் பின்னால் வைத்தால் 4,500 பவுண்டு. இன்ஜினைத் தொடவில்லை, டயரை மாற்றவில்லை. எடை இடம் மாறியது மட்டும்தான். இழுவை இரண்டரை மடங்கு.

இதே 8,000 பவுண்டில் நான்கு சக்கரமும் இழுத்தால் 6,400 பவுண்டு கிடைக்கும். ஆகவே இரண்டும் ஒன்றாக மோதும் வகுப்பில் நல்ல அமைப்புள்ள டூ-வீல் டிரைவும் பின்தங்கித்தான் இருக்கும். உங்கள் பகுதிக் கிளப்பில் டூ-வீல் டிரைவ் டீசலுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். விதிநூலை வாங்கிப் படிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஹிட்ச், டயர், டர்போ, எடைக்கட்டி எல்லாவற்றுக்கும் கிளப்புக்குக் கிளப் வரம்பு மாறும்.

அந்த 6,400ஐ டூ-வீல் டிரைவிலேயே தொட முடியாதா? கணக்குப்படி முடியும். நிற்கும்போது முன் அச்சில் 1,190 பவுண்டு மட்டும் இருந்தால், முழு இழுவையில் முன்சக்கரங்கள் தரையை விட்டு மயிரிழை எழும். மொத்த எடையும் பின்னால் வந்துவிடும். ஆனால் டாட்ஜ் ராம் பிக்கப்களில் வரும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் ஒன்றே சுமார் 1,100 பவுண்டு இருக்கிறது. சாலை பிக்கப்பில் அது முன் அச்சை ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கும். எனவே அந்த எல்லையை எட்ட முடியாது. அதை நோக்கி நகரலாம்.

எப்படி நகர்வது? முன்னால் இருக்கும் 100 பவுண்டைப் பின் அச்சுக்கு 20 அங்குலம் பின்னால் கொண்டுபோனால் இழுவை 107 பவுண்டு கூடுகிறது. இந்த விகிதம் மனத்தில் இருந்தால் வேலை தானாக வரிசைப்படும். கம்மின்ஸ் பிக்கப்களில் பானெட்டுக்குக் கீழே இரண்டு பேட்டரிகள் இருக்கும். இரண்டையும் தடித்த கேபிளோடு பின்பெட்டிக்குக் கொண்டுபோங்கள். கனத்த முன் பம்பர், ஏசி கம்ப்ரஸர், கண்டன்ஸர், ஆன்டி-ரோல் பார் போன்றவற்றை விதி அனுமதித்தால் கழற்றுங்கள். கழற்றிய ஒவ்வொரு பவுண்டுக்கும் ஈடாகப் பின்னால் எடைக்கட்டி ஏற்ற வரம்பில் இடம் கிடைக்கிறது. லாபம் அங்கேதான் இருக்கிறது.

எடை மேடையும் எடைக்கட்டியும்

வண்டியை எடை மேடையில் ஏற்றி முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை எடுங்கள். முடிந்தால் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை. ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். டேங்கில் போட்டியன்று இருக்கும் அளவு டீசல் இருக்க வேண்டும். போட்டி வரம்பு ஓட்டுநரையும் சேர்த்துத்தான். புதியவர்கள் 100, 150 பவுண்டு அதிகமாக வந்து நுழைவிலேயே சிக்குவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

எடைக்கட்டிக்கு டிராக்டரில் மாட்டும் 100 பவுண்டு வார்ப்பிரும்புக் கட்டிகள் வசதியானவை. ஒவ்வொன்றாகக் கூட்டலாம், நகர்த்தலாம். பின்பெட்டியின் தகரத் தரையில் அவற்றைக் கட்டக் கூடாது. சேஸிஸ் சட்டத்தோடு போல்ட் போட்ட இரும்புத் தாங்கி ஒன்றைச் செய்து, அதில் கோத்து, மேலே குறுக்குக் கம்பி போட்டு இறுக்க வேண்டும். ஓட்டத்தில் ஒரு கட்டி கழன்று விழுந்தாலும் தகுதி போய்விடும். பின்னால் ஸ்லெட்டில் ஆள் இருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இடது வலது சமநிலையும் முக்கியம். ஷாஃப்ட் வழியாக வரும் முறுக்கு பின் ஆக்ஸிலையே சுழற்றப் பார்ப்பதால், இப்படிப்பட்ட பிக்கப்களில் பின் வலது டயர் லேசாகும். ஓட்டுநரும் இடப்பக்கம்தான் உட்காருகிறார். ஆகவே எடைக்கட்டிகளில் ஒன்றிரண்டைப் பின் வலது மூலைக்குத் தள்ளி வைப்பது பயன்தரும்.

ஹிட்ச்

பல டீசல் வகுப்புகளில் ஹிட்ச் உயர வரம்பு 26 அங்குலம். உயரம் கூடினால் இழுவை கூடும் என்பதைப் பார்த்துவிட்டோம். ஆகவே வரம்பை ஒட்டியே வைக்க வேண்டும். எடைக்கட்டி முழுவதும் ஏற்றி, போட்டியன்று வைக்கப்போகும் காற்றழுத்தத்தில் அளந்து, 25¾ அங்குலத்தில் நிறுத்துங்கள். கால் அங்குலம் விட்டுவைப்பது ஏனென்றால், களத்தில் டயருக்குக் கொஞ்சம் காற்று ஏற்றினாலே ஹிட்ச் வரம்பைத் தாண்டிவிடும்.

ஓட்டத்தின்போது அந்த உயரம் நிலைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஹிட்ச் பின் அச்சுக்கு 44 அங்குலம் பின்னால் இருக்கிறது, இழுவையில் மூக்கு 6 அங்குலம் எழுகிறது என்றால், ஹிட்ச் கிட்டத்தட்ட 1.9 அங்குலம் இறங்கிவிடும். பின் ஸ்பிரிங் அமுங்குவதால் இன்னும் ஓர் அங்குலம். 26இல் தொடங்கிய ஹிட்ச் நடுவழியில் 23இல் இருக்கும். நம் கணக்கு வண்டிக்கு இதனால் 90 பவுண்டு இழுவை நஷ்டம். முன் ஸ்பிரிங் விரிவதைத் தடுக்கும் பட்டையும், பின்னால் அமுங்காத அமைப்பும் இந்த நஷ்டத்தைக் குறைக்கும்.

ஹிட்ச் சட்டத்தின் இரு தண்டுகளிலும் போல்ட் போட்டதாக, முன்பக்கம் பின் ஆக்ஸிலுக்கு அருகே வரை தாங்குக்கம்பி நீண்டதாக இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் அசையக் கூடாது. டிரெய்லர் இழுக்கத் தொழிற்சாலையிலிருந்து வரும் ரிசீவரைச் சில ஆரம்ப வகுப்புகள் ஏற்றுக்கொள்ளலாம்; ஆனால் ஆக்ஸில் துள்ளும்போது விழும் அதிர்ச்சிச் சுமைக்காக அது செய்யப்பட்டதில்லை. வெல்டிங்கை நம்பிக்கையான ஆளிடம் கொடுங்கள். இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

பின் ஆக்ஸில்: உடைவது இங்கேதான்

நான்கு சக்கர வண்டியில் இரண்டு ஆக்ஸில்கள் பங்குபோட்டுக்கொள்ளும் வேலையை இங்கே ஒன்றே செய்கிறது. இரண்டாம் தலைமுறை டாட்ஜ் ராம் 2500இல் வரும் டானா 80 ஆக்ஸில் இதற்கு நல்ல அடித்தளம். உள்ளே சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால், பிடிமானம் குறைந்த சக்கரம் சுழன்றுவிட, மற்றது நின்றுவிடும். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டும். இரு சக்கரத்தையும் பூட்டும் லாக்கர் கட்டாயம் வேண்டும். சாலையில் ஓட்டாத வண்டி என்றால், இரு சக்கரத்தையும் நிரந்தரமாகப் பிணைத்துவிடும் ஸ்பூல் இன்னும் உறுதி.

வண்டியை உடைக்கும் முதல் எதிரி ஆக்ஸில் துள்ளல். டயர் மண்ணைக் கவ்வும்போது லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும், பிடி நழுவியதும் விட்டெறியும், மறுபடி கவ்வும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்தத் துள்ளல் கிராஸ் ஜாயின்ட், ஆக்ஸில் ஷாஃப்ட், கிரவுன் பினியன் என்று எது பலவீனமோ அதை உடைக்கும். மருந்து டிராக்ஷன் பார்: ஆக்ஸில் ஹௌசிங்கிலிருந்து சட்டத்துக்கு முன்னோக்கிப் போகும் நீண்ட, கனத்த குழாய், பக்கத்துக்கு ஒன்று. கூடவே, வகுப்பு அனுமதித்தால், ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் இடையே திடமான கட்டை வைத்துப் பின் சஸ்பென்ஷனை அசையாமல் செய்துவிடலாம். பல ஆரம்ப வகுப்புகள் இதைத் தடைசெய்கின்றன. அங்கே டிராக்ஷன் பார் மட்டுமே துணை.

நீண்ட டூ-வீல் டிரைவ் பிக்கப்களில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக, நடுவே சென்டர் பேரிங்கோடு இருக்கும். அந்தப் பேரிங்கின் ரப்பரும் தாங்கியும் துள்ளலில் கிழியும். தாங்கியை வலுப்படுத்துங்கள், ரப்பர் தளர்ந்திருந்தால் போட்டிக்கு முன் மாற்றிவிடுங்கள்.

கியர்: லோ ரேஞ்ச் இல்லாத சங்கடம்

நான்கு சக்கர வண்டியில், விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. அதன் லோ ரேஞ்ச் 2.72 மடங்கு. மெயின் கியர்பாக்ஸை நேரடி 4ஆம் கியரில் போட்டு, வேகத்தைக் குறைக்கும் வேலையை டிரான்ஸ்ஃபர் கேஸிடம் விட்டுவிடலாம். டூ-வீல் டிரைவில் அந்த வசதி கிடையாது. கியர்பாக்ஸின் கீழ்க் கியர்களே முழுச் சுமையையும் தாங்க வேண்டும்.

ராமில் வரும் என்வி4500 கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 2ஆம் கியர் 3.04, 3ஆம் கியர் 1.67. பின் ஆக்ஸில் விகிதம் 4.10, டயர் உயரம் 33 அங்குலம். 3,500 ஆர்பிஎம்மில் 2ஆம் கியரில் சக்கர வேகம் மணிக்கு 27.6 மைல். 3ஆம் கியரில் 50 மைல்.

நம் வண்டியின் டயர் 4,500 பவுண்டுதான் பிடிக்கும். அந்த இழுவையை 2ஆம் கியரில் தர இன்ஜினிடமிருந்து, இடைநஷ்டம் சேர்த்து, சுமார் 580 பவுண்டு-அடி முறுக்குவிசை போதும். 3ஆம் கியரில் சுமார் 1,060 வேண்டும். ஆரம்ப வண்டிக்கு 2ஆம் கியர்தான் சரி. 3ஆம் கியரில் புறப்பட்டு, 150 அடியில் ஆர்பிஎம் சரிந்து, டர்போ காற்றை விட்டு, கரும்புகையோடு நின்றுபோகும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் குதிரைத்திறன் குறைபாடு இல்லை. கியர் தவறு.

2ஆம் கியரில் இவ்வளவு சுமை ஏற்றும்போது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் அடுத்த பலவீனப் புள்ளி ஆகிறது. தடித்த இன்புட் ஷாஃப்ட்டும் இரட்டைத் தட்டுக் கிளட்ச்சும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டியவை. இரண்டும் ஒரே வேலையில் முடியும். பழைய கிளட்ச் வழுக்கினால் அதன் தூள் நாற்றம் முதல் ஓட்டத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின்

இந்தப் பகுதிதான் எல்லோரும் முதலில் பேச விரும்புவது. இது கடைசியில் வர வேண்டும் என்பதே எங்கள் கருத்து. காரணத்தை மேலே உள்ள எண்களே சொல்கின்றன: 580 பவுண்டு-அடியை 3,500 ஆர்பிஎம்மில் தரும் இன்ஜின் ஏறக்குறைய 390 குதிரைத்திறன் கொண்டது. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும், இந்த எடைப் பங்கீட்டில் டயர் வேகமாகச் சுழலுமே தவிர இழுவை அதிகம் கூடாது. டர்போ வாங்கும் பணத்தில் முதலில் டிராக்ஷன் பாரும் லாக்கரும் வாங்குங்கள்.

1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸ் புதியவர்களுக்கு உகந்தது. 1996–98 மேனுவல் கியர் வண்டிகளில் 215 குதிரைத்திறன், 440 பவுண்டு-அடி. போஷ் பி7100 டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் இல்லாமல் ஸ்பேனரால் சரிசெய்யலாம். பம்ப்பின் கவர்னர் ஸ்பிரிங் தொழிற்சாலை அமைப்பில் 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் டீசலைக் குறைக்கத் தொடங்கிவிடும். ஆகவே உயர் ஆர்பிஎம் கவர்னர் ஸ்பிரிங் முதல் மாற்றம். ஆனால் அதை மட்டும் மாற்றினால் ஆபத்து: பழைய வால்வு ஸ்பிரிங்குகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, வால்வு மூட நேரமில்லாமல் மிதக்கும். கடினமான வால்வு ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே போடுங்கள். பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறுவதற்கு முன் ஹெட் போல்ட்டுக்குப் பதில் ஹெட் ஸ்டட். பிறகு பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற டர்போ.

இந்த இன்ஜினில் பிரபலமான ஒரு குறை உண்டு. டைமிங் கியர் கூட்டை பிளாக்கோடு நேர்ப்படுத்தும் சிறு டவல் பின் அதிர்வில் மெல்ல நகர்ந்து வெளியே வந்து கியர்களுக்குள் விழும். இன்ஜின் அங்கேயே முடிந்துவிடும். முன்மூடியைக் கழற்றி, அந்த டவல் பின் வெளியே வர முடியாதபடி ஒரு சிறு தகட்டை போல்ட்டில் வைத்து இறுக்குவதே தீர்வு. போட்டிக்குப் போகும் எந்த 12 வால்வு இன்ஜினிலும் இது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பூஸ்ட் மீட்டரும் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரும் இல்லாமல் டீசலைக் கூட்டாதீர்கள். தொடர்ந்து இழுக்கும்போது 1,250 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் பிஸ்டனுக்கு ஆகாது என்பது பழைய நடைமுறை வரம்பு. போட்டி ஓட்டம் சில நொடிகளே என்பதால் அதைத் தாண்டுகிறார்கள். ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் அதே இடத்தில் வெப்பம் கூடிக்கொண்டே போனால் இன்டர்கூலர் குழாயில் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பாதியில் முடிவது மிகச் சாதாரணம். குழாய் முனையில் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, வலுவான கிளாம்ப் போட்டால் தீரும் பிரச்சினை அது.

டயர்

ஆரம்ப வகுப்புகளில் சாலைக்கு அனுமதி பெற்ற டயர் மட்டுமே. அகலமான, ஆழமான கட்டைகள் கொண்ட மட் டயரைவிட, கட்டைகள் நெருங்கி, தரையோடு அதிகப் பரப்பு ஒட்டும் டயர் இறுகிய களிமண்ணில் பல நேரம் நன்றாக இழுக்கும். தளர்ந்த மண்ணில் இது தலைகீழ். காற்றழுத்தத்தை 30 பிஎஸ்ஐயில் தொடங்கி இரண்டிரண்டாகக் குறைத்துப் பாருங்கள். பின் அச்சில் 5,600 பவுண்டு வந்து உட்காரும்போது டயர் பக்கச்சுவர் சுருக்கம் விழுந்து நெளிந்தால் மிகவும் குறைத்துவிட்டீர்கள். ரிம்மிலும் டயரிலும் நேர்க்கோட்டில் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் கோடு விலகியிருந்தால் ரிம் டயருக்குள் வழுக்கியிருக்கிறது. காற்றைக் கூட்டுங்கள், அல்லது விதி விட்டால், டயர் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் போடுங்கள்.

பாதுகாப்பு

வண்டியின் பின்னால் ஹிட்ச் அருகே ஒரு வளையமுள்ள கில் சுவிட்ச் இருக்க வேண்டும். ஸ்லெட்டிலிருந்து வரும் கயிறு அதில் மாட்டப்படும். சங்கிலி அறுந்தால் கயிறு வளையத்தை இழுத்து இன்ஜினை நிறுத்திவிடும். டீசல் இன்ஜினில் மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டும் போதாது. டர்போ சீல் போய் எண்ணெய் உள்ளே வந்துவிட்டால் அந்த எண்ணெயையே எரித்து இன்ஜின் ஓடும். காற்றுவழியை அடைக்கும் கதவுதான் உறுதியான நிறுத்தம். எக்ஸாஸ்ட் குழாயில், டர்போவுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கத்தில், இரண்டு 3/8 அங்குல போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகச் சொல்லும் விதி பல இடங்களில் உண்டு. டர்போ சக்கரம் சிதறினால் துண்டுகள் பார்வையாளர் பக்கம் பறக்காமல் தடுக்க. ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்டைச் சுற்றியும் இரும்பு வளையம், தீயணைப்பான், ஹெல்மெட், தீ தாங்கும் உடை: எல்லாம் முதல் நாளே இருக்க வேண்டும்.

தடத்தில்

ஓடுவதற்கு முன் தடத்தை நடந்து பாருங்கள். ஈரமாக, கருமையாக, குதிகாலால் அழுத்தினால் பிசுபிசுப்பாக ஒட்டும் மண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கே ஸ்லெட்டை நிறுத்தச் சொல்லலாம். முன் ஓடியவர்களின் டயர்க் குழியில் உங்கள் டயர் இறங்காத பாதையாக இருக்கட்டும்.

சங்கிலியை மெல்ல இறுக்குங்கள். தளர்வாக விட்டு வெட்டி இழுப்பது விதிமீறல், ஆக்ஸிலுக்கும் கேடு. பச்சைக் கொடி வந்ததும் ஆர்பிஎம்மை ஏற்றி பூஸ்ட் கொஞ்சம் வந்ததும் கிளட்ச்சை விடுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரை உடனே மிதித்தால் டயர் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். குழியிலிருந்து ஏறவே பாதி வேகம் போய்விடும். முதல் 30 அடிக்குள் முழுமிதிக்கு வந்துவிடுவது நல்ல அளவு. துள்ளல் தொடங்கினால் காலைச் சற்றே தளர்த்துங்கள். நின்றால் தொடருங்கள், நிற்காவிட்டால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். வண்டி முன்னேறுவது நின்ற நொடியில் கிளட்ச்சை மிதியுங்கள். நின்ற வண்டியில் சக்கரம் சுழற்றினால் ஓர் அங்குலமும் கிடைக்காது.

நம் கணக்கு வண்டியில் முழு இழுவையிலும் முன் அச்சில் 2,300 பவுண்டுக்கு மேல் மிச்சம் இருக்கும்; ஸ்டியரிங் வேலை செய்யும், மூக்கு தூக்கும் பயம் இல்லை. எடையை இன்னும் பின்னுக்குத் தள்ளி முன்சக்கரம் எழும் நிலைக்கு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது வண்டியைத் திருப்ப இடது, வலது பின் பிரேக்குகளைத் தனித்தனியாக மிதிக்கும் அமைப்பும், பின்னால் கவிழாமல் தாங்கும் வீலி பாரும் முதலில் வர வேண்டும்.

ஓட்டம் முடிந்து ஸ்லெட்டைக் கழற்றியதும் இரண்டு பின் டயர்களும் விட்டுச்சென்ற தடங்களை, கடைசி 20 அடியில், பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தால் இடவலம் சரி. வலது தடம் மேலோட்டமாகச் சுரண்டியதுபோல் இருந்தால் ஒரு 100 பவுண்டுக் கட்டியை வலது பக்கம் நகர்த்துங்கள். அலை அலையாக மேடும் பள்ளமும் தெரிந்தால் ஆக்ஸில் துள்ளியிருக்கிறது. அடுத்த ஓட்டத்துக்கு முன் டிராக்ஷன் பாரின் போல்ட்டுகளையும் கிராஸ் ஜாயின்ட்டுகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். காற்றழுத்தத்தையும் எடைக்கட்டியையும் ஒன்றாக மாற்றினால், 15 அடி கூடியது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.